வீழ்ச்சியைக் கற்பித்தல்

(போடிநாயக்கனூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஏலக்காயின் மணத்தாலும் அதன் ஏல விற்பனையாலும் பெயர் பெற்ற இந்த ஊரில், ஆகாய விமானத்தைப் பற்றி, அதிலும் விமானம் ஓட்டக் கற்கும் மாணவனுக்கு நேரக்கூடிய ஓர் அபாயத்தைப் பற்றிப் பேச என்ன முகாந்திரம் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். முகாந்திரம் இந்த மலையிலேயே இருக்கிறது. விடியுமுன் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டின் வளைவுகளில் ஏறிச் செல்கின்றனவே, அந்த ஏலமலைத் தொடரின் தென்பகுதியில், வண்டிப்பெரியாற்றுக்கு அருகே சத்திரம் என்னும் இடத்தில், தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு மாணவர்களுக்குப் பயிற்சி தருவதற்கென்றே 650 மீட்டர் நீளமுள்ள ஓர் ஓடுபாதை அமைந்திருக்கிறது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் அங்கே இறங்க வந்த சிறு விமானம், பாதைக்கு அருகிலிருந்த மண்மேடு தடையாக இருந்தமையால், இறங்காமலே திரும்பிச் சென்றது. அவ்வாண்டு ஜூலை மழையில் பாதையின் ஒரு பகுதி சரிந்து போயிற்று. டிசம்பர் முதல் தேதியன்று வைரஸ் எஸ்டபிள்யூ 80 என்னும், இருவர் மட்டுமே அமரக்கூடிய இலகு விமானம் அங்கே பத்திரமாக இறங்கியது. ஏப்ரலில் திரும்பிச் சென்ற விமானியை நான் மிகவும் மதிக்கிறேன். கீழே கூடி நின்றவர்களுடைய ஆவலுக்காக ஒரு முறை முயன்று பார்ப்போம் என்று எண்ணாமல் திரும்பியவர் அவர். அந்த மனப்பக்குவத்தை ஒரு மாணவனுக்கு எவ்வாறு உண்டாக்குவது என்பதே இன்றைய பேச்சின் உட்பொருள் என்று கொண்டாலும் தகும்.

அந்த ஓடுபாதை இருப்பது கேரள எல்லைக்குள்ளேதான். ஆயினும் மலை ஒன்று, காற்று ஒன்று. இங்குள்ள பிள்ளைகளிலும் சிலர், சத்திரத்திலோ, சமவெளியில் உள்ள ஏதேனும் ஒரு விமானப் பள்ளியிலோ, ஒரு நாள் ஆசிரியருக்கு அருகில் அமர்ந்து, "இப்பொழுது ஸ்டால் செய்து காட்டு" என்ற ஆணையைக் கேட்கப் போகிறார்கள். அந்த ஆணையின் பொருள் பெற்றோருக்கும் தெரிந்திருப்பது நல்லது.

பறக்கும் விமானத்தின் இறக்கை, தனக்கு எதிரே வரும் காற்றோடு ஒரு சிறு கோணத்தில் சாய்ந்திருக்கிறது. அந்தக் கோணம் மிகுந்தோறும் தூக்குவிசையும் மிகுகிறது. ஆனால் பெரும்பாலான சிறு விமானங்களில் ஏறத்தாழ 15 அல்லது 16 பாகை என்னும் எல்லையைக் கடந்ததும், இறக்கையின் மேற்புறத்தை ஒட்டி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த காற்று அதைவிட்டுப் பிய்ந்து, சுழித்து, கலைந்துபோக, தூக்குவிசை சட்டென்று குறைந்துவிடுகிறது. இதுவே ஸ்டால் எனப்படுவது. எஞ்சின் நின்றுபோவதற்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. எஞ்சின் முழு வேகத்தில் முழங்கிக்கொண்டிருக்கும்போதே இறக்கை ஸ்டால் ஆகலாம். எஞ்சினே இல்லாத விமானமும் ஸ்டால் ஆகலாம் என்பதற்கு மனிதன் பறந்த வரலாற்றின் தொடக்கத்திலேயே துயரமான சாட்சியம் உண்டு: ஜெர்மானியரான ஓட்டோ லிலியெந்தால், தாமே சமைத்த இறக்கைகளைத் தோளில் தாங்கி, பல ஆண்டுகள் குன்றுகளிலிருந்து காற்றில் மிதந்து இறங்கிய அந்த மகான், 1896 ஆகஸ்டு 9-ஆம் தேதி, சுமார் 15 மீட்டர் உயரத்தில் இறக்கை இவ்வாறு காற்றை இழக்க, கீழே விழுந்து மறுநாள் உயிர் நீத்தார்.

வேகம் குறைந்தால்தான் ஸ்டால் ஆகும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது பாதி உண்மை. பாதி உண்மை ஆகாயத்தில் பெரும் பகை. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளைந்து திரும்பும்போது, உயரம் குறையாதிருக்க, இறக்கை தன் வழக்கமான சுமையைவிட அதிகமாகத் தாங்கவேண்டியிருக்கிறது. 30 பாகை சாய்வில் இந்த மிகுதி பெரிதில்லை. 60 பாகை சாய்வில் சுமை இரண்டு மடங்காகிறது; ஸ்டால் ஆகும் வேகமோ சுமையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றி 1.41 மடங்காக உயர்கிறது. நேராகச் செல்கையில் 45 நாட் வேகம்வரை தாங்கும் விமானம், அந்தத் திருப்பத்தில் 63 நாட் வேகத்திலேயே கைவிட்டுவிடும். மாணவன் ஆசிரியரோடு பயிலும் ஸ்டால் பெரும்பாலும் நேரான பாதையில், மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து, எச்சரிக்கை ஒலியைக் கேட்டுக்கொண்டே செய்யப்படுகிறது. உயிரைக் கொள்ளும் ஸ்டாலோ பெரும்பாலும் திருப்பத்தில், தாழ்ந்த உயரத்தில், மனம் வேறொன்றில் ஈடுபட்டிருக்கும் தருணத்தில் வருகிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றித்தான் நான் கவலைப்படுகிறேன்.

பரிகாரமோ கேட்பதற்கு மிக எளியது. மிகுந்துவிட்ட கோணத்தைக் குறைக்கவேண்டும். அதாவது கையிலுள்ள ஸ்டிக்கை முன்னே தள்ளி மூக்கைத் தாழ்த்தவேண்டும். ஆனால் விமானம் தானாகவே மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு விழும் அந்த க்ஷணத்தில், கண்முன்னே பூமி நிறைந்து தெரிகையில், இன்னும் தாழ்த்து என்று சொன்னால் எந்தக் கை கேட்கும்? மலைச்சாலையில் பள்ளத்தை நோக்கி வண்டி சரியும்போது டிரைவரின் கால் அவனைக் கேளாமலே பிரேக்கை மிதிப்பதைப் போல, விமானியின் கை ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுக்கிறது, இழுக்க இழுக்கக் கோணம் மிகுகிறது, ஸ்டால் ஆழமாகிறது. இயற்கையாகத் தோன்றும் இந்த உந்துதலை வெல்வதற்கு அப்பியாசத்தைத் தவிர வேறு மார்க்கம் இல்லை. புத்தகத்தைப் படித்து ஒருவன் இதை அறிந்துகொள்ளலாம். அறிந்தது கைக்கு வருவதற்குக் கை அதைச் செய்திருக்கவேண்டும்.

ஸ்டால் ஆகும் சமயத்தில் ஓர் இறக்கை மற்றதற்கு முந்திக் கைவிட்டு, விமானமும் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டிருக்குமானால், அது ஸ்பின் என்னும் சுழல் வீழ்ச்சியில் புகுகிறது. விமான யுகத்தின் ஆரம்ப ஆண்டுகளில் அதில் புகுந்தவன் மீளமாட்டான் என்பதே பொது நம்பிக்கை. 1912 ஆகஸ்டு 25-ஆம் தேதி, இங்கிலாந்தில் வில்பிரெட் பார்க் என்னும் கடற்படை அதிகாரி, ஒரு சகாவுடன் ஆவ்ரோ விமானத்தில் பறக்கையில் சுழல் வீழ்ச்சியில் அகப்பட்டு, தமக்குத் தெரிந்த எல்லா உபாயங்களும் பயனற்றுப்போன பின்பு, சுழலும் திசைக்கு எதிராகச் சுக்கானை முழுதும் மிதிக்க, தரைக்கு ஏறத்தாழ 50 அடி உயரத்தில் விமானம் நேராகிப் பிழைத்தார். இறங்கிய உடனே தாம் செய்தவற்றை ஒன்றுவிடாமல் மற்றவர்களுக்கு எடுத்துரைத்ததே அவர் செய்த பேருபகாரம். அவர் அவ்வாண்டு டிசம்பரிலேயே வேறொரு விமான விபத்தில் மாண்டுபோனார். அவர் சொன்ன வைத்தியமோ இன்றும் மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது.

முதல் உலக யுத்தத்தில் ராபர்ட் ஸ்மித்-பாரி என்னும் ஆங்கிலேயர், 1917-இல் காஸ்போர்ட்டில் தாம் நடத்திய பள்ளியில், அபாயங்களை மாணவனிடமிருந்து மறைத்துவைக்கும் பழைய முறையைத் தள்ளிவிட்டு, ஆசிரியர் உடனிருக்க, இரட்டைக் கட்டுப்பாடுகளுள்ள விமானத்தில் மாணவனை வேண்டுமென்றே ஸ்டாலுக்கும் ஸ்பின்னுக்கும் உட்படுத்தி, அதிலிருந்து அவனே மீளும்படி பயிற்றுவித்தார். ஆசிரியர் பேசுவது மாணவனுக்குக் கேட்க, ஒரு குழாயைச் செவியோடு பொருத்தியிருந்தார்கள். உலகெங்கும் இன்றைய விமானச் சிக்ஷை அந்தப் பள்ளியின் சந்ததி என்றே சொல்லலாம். நம் தாம்பரத்தில் விமானப்படை நடத்தும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியும் அந்த மரபில் வந்ததே. 1948-இல் அம்பாலாவில் தொடங்கி 1954-இல் தாம்பரத்துக்கு வந்த அப்பள்ளியில், ஏற்கெனவே விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள், பிறருக்கு அதைக் கற்பிப்பது எப்படி என்று மறுபடியும் மாணவர்களாக அமர்ந்து கற்கிறார்கள். பறக்கத் தெரிவது வேறு, விழவிட்டு மீளக் கற்பிப்பது வேறு என்பதை உணர்ந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

இனி, அப்பியாசமே அபாயமாகும் விதத்துக்கு வருகிறேன். அமெரிக்க நாட்டில், தனி விமானியின் உரிமத்துக்கு ஸ்பின் பயிற்சி கட்டாயம் என்றிருந்த விதியை 1949-இல் நீக்கினார்கள். ஸ்பின்னில் புகாதிருக்க ஸ்டாலை அடையாளங்கண்டு மீளக் கற்றால் போதும் என்று முடிவு செய்தார்கள். பயிற்சிக்காகச் செய்யப்பட்ட ஸ்பின்களிலேயே உயிர்கள் போய்க்கொண்டிருந்தன என்பது அந்த மாறுதலுக்கு வலுவான காரணம். அதை இன்றும் குறை கூறுவோர் உண்டு. மாணவர் அனைவருக்கும் ஸ்பின் வேண்டியதில்லை, அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் அது இன்றியமையாதது என்பதே என் துணிபு. ஆசிரியர் உரிமத்துக்கு அதனை அமெரிக்கர்களும் விட்டுவிடவில்லை.

அப்பியாசத்தின் முதல் அபாயம் உயரத்தைப் பற்றியது. நன்றாகச் செய்த ஸ்டாலில் சிறு விமானம் இழப்பது ஒன்றிரண்டு நூறு அடிதான். ஆனால் மாணவன் அவசரப்பட்டு மூக்கைத் திரும்பவும் இழுத்தால் இரண்டாவது ஸ்டால் வருகிறது. சாயும் இறக்கையைத் தூக்க எண்ணி, வழக்கப்படி ஸ்டிக்கைப் பக்கவாட்டில் தள்ளினால், ஏற்கெனவே காற்றை இழந்த அந்த இறக்கையின் கோணம் இன்னும் மிகுந்து, சுழல் தொடங்கிவிடக்கூடும். ஸ்பின்னில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ மூன்று விநாடியும் 500 அடியும் செலவாகின்றன. பயத்தால் விறைத்துப்போன இளைஞனொருவன் இரு கைகளாலும் ஸ்டிக்கைப் பற்றி மார்போடு அணைத்துக்கொண்டால், அதைப் பறித்து முன்னே தள்ள ஆசிரியருக்கு எத்தனை விநாடி ஆகும்? இந்த விநாடிகளுக்கெல்லாம் விலை உயரம்தான். ஸ்டால் பயிற்சியில் தரைக்கு 1,500 அடிக்கு மேலேயே மீண்டு முடித்திருக்கவேண்டும் என்பது அமெரிக்கர்கள் வகுத்த குறைந்தபட்ச வரையறை. அறிவுள்ள ஆசிரியர்கள் அதைப்போல் இரு மடங்கு உயரத்தில் தொடங்குகிறார்கள். இன்னும் ஓராயிரம் அடி ஏறுவதற்கு ஆகும் எரிபொருள் செலவைக் கணக்கிட்டுக் கீழேயே பாடத்தை முடித்துக்கொள்ளும் பள்ளி எதுவாயினும், அதில் என் பிள்ளையை நான் சேர்க்கமாட்டேன்.

இங்கே நம் மலைச்சரிவு ஒரு விசேஷ சங்கடத்தை உண்டாக்குகிறது. விமானத்தில் உயரம் காட்டும் கருவி, வழக்கமாகக் கடல் மட்டத்திலிருந்து அளந்து காட்டுவது. கீழே இருப்பது வயலா, ஏலத்தோட்டமா என்று அதற்குத் தெரியாது. 5,000 அடி என்று அது காட்டும்போது, தேனிப் பக்கத்துச் சமவெளியின் மேல் பறப்பவனுக்குக் கீழே தாராளமான இடம் இருக்கிறது; அதே எண்ணைப் பார்த்துக்கொண்டே மேற்கே சில நிமிஷம் வந்துவிட்டால், நாலாயிரம் அடிக்கு மேலே நிற்கும் போடிமெட்டின் மரங்கள் அவனுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கும். கொழுக்குமலைப் பக்கமாகப் போனானாகில் மலையே அவனைவிட உயரம். கருவி பொய் சொல்லவில்லை. கேள்வியை அவன் சரியாகக் கேட்கவில்லை.

இன்னொன்று, கண் ஏமாறுவது. சமவெளியில் மூக்கை அடிவானத்தோடு ஒட்டிப் பார்த்து விமானத்தைச் சமமாக வைத்துக்கொள்ளப் பழகியவன், மலையை நோக்கிப் பறக்கையில் உண்மையான அடிவானத்தைக் காண்பதில்லை. சரிவின் உச்சிக்கோட்டையே அடிவானம் என்று மனம் எடுத்துக்கொள்ள, அவன் அறியாமலே மூக்கு உயர்ந்து, வேகம் குறைந்துகொண்டே போகிறது. மேலும் தென்மேற்குப் பருவத்தில் கேரளத்துப் பக்கமிருந்து முகட்டைத் தாண்டி வரும் காற்று, நம் பக்கத்துச் சரிவில் கீழ்நோக்கிப் பாய்கிறது. அந்த இறங்கு காற்றில் சிக்கிய சிறு விமானம் முழு விசையோடு ஏற முயன்றும் தாழ்ந்துகொண்டே போகலாம். முன்னே மலை உயர்கிறது, கீழே விமானம் தாழ்கிறது, பள்ளத்தாக்கோ குறுகியது. திரும்பவேண்டும் என்று விமானி செங்குத்தாகச் சாய்த்து ஸ்டிக்கை இழுக்கிறான். சற்று முன் சொன்ன 60 பாகைக் கணக்கு அவனுக்காகவே காத்திருக்கிறது. உயரம் செல்லச் செல்லக் காற்று மெலிவதால், அதே வேகத்தைக் கருவி காட்டினாலும் உண்மையில் விமானம் இன்னும் விரைவாகச் செல்கிறது; ஆகவே திரும்புவதற்கு வேண்டிய இடமும் விரிகிறது. ஆதலால், மலைமேல் உள்ள ஓடுபாதையில் கற்கும் மாணவனாயினும், ஸ்டால் அப்பியாசத்துக்கு அவனைச் சரிவை விட்டு வெளியே, விரிந்த சமவெளியின் மேல், காற்று அடங்கிய காலை வேளையில், மூன்று நான்காயிரம் அடி வெற்றிடம் கீழே இருக்கக் கொண்டுபோகவேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். மலைக்குள்ளே கற்பிக்கவேண்டியது வேறொரு பாடம்: பள்ளத்தாக்கில் ஓரமாக நுழைவதும், இடம் இருக்கும்போதே திரும்புவதும்.

இதுவரை கூறியவை உடலுக்கு நேரும் அபாயங்கள். இவற்றைவிட மறைவான அபாயம் ஒன்றுண்டு. அது பாடம் கோணலாகப் படிந்துவிடுவது. பல ஆண்டுகளாக, உயரத்தை இழக்காமல் ஸ்டாலிலிருந்து மீள்வதே சாமர்த்தியம் என்று பரீட்சைகளில் மதிப்பிட்டு வந்தார்கள். எச்சரிக்கை தோன்றியதும் எஞ்சினுக்கு முழு விசை கொடு, மூக்கை இருந்த இடத்திலேயே பிடித்துக்கொள், உயரம் குறையாமல் பறந்து வெளியேறு, நல்ல மதிப்பெண் கிடைக்கும். ஆயிரம் தடவை இவ்வாறு செய்தவனுடைய கைக்கு, மூக்கைத் தாழ்த்துவது என்பதே மறந்துபோகாதா?

2000-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் தேதி காலை, கல்கத்தாவிலிருந்து பாட்னாவுக்கு வந்த அலையன்ஸ் ஏர் நிறுவனத்தின் போயிங் 737 விமானம், இறங்கும் பாதைக்கு உயரமாக வந்துவிட்டமையால் ஒரு முழு வட்டம் சுற்றி வர முற்பட்டது. எஞ்சின்கள் மிகக் குறைந்த விசையில் இருந்தன, வேகம் அளவுக்குக் கீழே சென்றது, மூக்கோ உயர்ந்திருந்தது. ஸ்டிக்கை உலுக்கும் எச்சரிக்கைக் கருவி உலுக்கத் தொடங்கியது. அந்தச் சமயத்தில் விமானிகள், ஸ்டாலிலிருந்து மீளும் முறையைக் கையாளாமல், இறங்குவதைக் கைவிட்டு மேலேறும் முறையைத் தொடங்கினார்கள் என்றும், அதனால் விமானம் முழு ஸ்டாலில் புகுந்து கட்டுப்பாட்டை இழந்தது என்றும் விசாரணை மன்றம் தெரிவித்தது. கர்தனிபாக் என்னும் குடியிருப்பின் மேல் அது விழுந்து, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 60 பேர் இறந்தார்கள். விமானிகள் இருவரும் அனுபவமற்றவர்கள் அல்லர். ஸ்டால் அப்பியாசம் செய்யாதவர்களும் அல்லர். எச்சரிக்கை வந்தபோது, அது எந்தப் பாடத்துக்குரிய எச்சரிக்கை என்று கை தேர்ந்தெடுத்ததில்தான் பிழை நிகழ்ந்தது.

2009 ஜூன் முதல் தேதி, ரியோவிலிருந்து பாரிசுக்கு 228 பேருடன் சென்ற ஏர் பிரான்ஸ் விமானம் அட்லாண்டிக் சமுத்திரத்தில் விழுந்த கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வேகம் காட்டும் குழாய்களில் பனித்துகள் அடைத்துக்கொள்ள, தானியங்கி தன் பொறுப்பைக் கைவிட, விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் ஸ்டிக்கைத் தம் பக்கம் இழுத்து ஏறத்தாழ 38,000 அடிவரை கொண்டுபோனார். அங்கே ஸ்டால் ஆகி, எச்சரிக்கை பலமுறை ஒலித்தும், மூக்கு உயர்ந்தபடியே மூன்று நிமிஷத்துக்கு மேலாக அது விழுந்துகொண்டிருந்தது. அத்தனை உயரமும் வீணாயிற்று. அந்த உயரத்தில், கையால் ஓட்டும் நிலையில், ஸ்டாலை எதிர்கொள்ளும் பயிற்சியை விமானிகள் பெற்றிருக்கவில்லை என்று பிரெஞ்சு விசாரணையாளர்கள் எழுதினார்கள். இத்தகைய துயரங்களுக்குப் பின்பே, 2012-இல் அமெரிக்க விமான நிர்வாகம், உயரம் இழக்காதிருப்பதே இலக்கு என்ற பழைய அளவுகோலை விடுத்து, எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கோணத்தைக் குறைத்தல் என்பதை முதற்படியாக வைத்து, விமானக் கம்பெனிகளின் பயிற்சியைத் திருத்தும்படி அறிவுறுத்தியது. உயரம் போனால் போகட்டும், இறக்கை முதலில் காற்றைப் பெறட்டும் என்ற இந்த உண்மையை அத்தனை உயிர்களைக் கொடுத்துத்தான் மறுபடியும் வாங்கவேண்டியிருந்தது என்பது என் நெஞ்சை விட்டு நீங்காத வருத்தம்.

கற்பிக்கும் விமானத்தைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். மிகச் சாதுவான விமானம், ஸ்டால் ஆகும்போதும் தலையை மட்டும் அசைத்துவிட்டுத் தானே சமாளித்துக்கொள்ளும். மாணவன் அதில் எதையும் கற்பதில்லை. 1978-இல் அமெரிக்காவில் பைப்பர் கம்பெனி வெளியிட்ட டோமஹாக் என்னும் பயிற்சி விமானத்தை, மாணவர் மெய்யான ஸ்டாலையும் ஸ்பின்னையும் அறியவேண்டும் என்று கருதியே அமைத்தார்கள். பின்னர் அதே வகுப்பைச் சேர்ந்த செஸ்னா விமானங்களைவிட அது ஸ்டால், ஸ்பின் விபத்துகளில் கூடுதலாகச் சிக்குவதாக அந்நாட்டு விபத்து ஆய்வாளர்கள் கவலை தெரிவித்தார்கள். நம் நாட்டு அனுபவமும் இங்கே போற்றத்தக்கது. கிரண் விமானத்துக்கு மாற்றாக ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் உருவாக்கிய எச்ஜேடி-36 சிதாரா என்னும் பயிற்சி ஜெட், 2003 மார்ச் 7-ஆம் தேதி முதன்முதல் பறந்தது. ஆனால் ஸ்டாலிலும் ஸ்பின்னிலும் அது நடந்துகொள்ளும் விதம் திருப்தி தராமையால், ஆண்டுகள் உருண்டோடின. வால்பகுதியையும் சுக்கானையும் மாற்றியமைத்து 2019 ஏப்ரலில் மீண்டும் பறக்கவிட்டு, இடப்புறமும் வலப்புறமும் ஆறு சுற்று ஸ்பின் செய்து அது மீள்கிறது என்று 2022-இன் தொடக்கத்தில்தான் அறிவிக்க முடிந்தது. இத்தனை தாமதத்தைப் பழித்தவர்கள் அநேகர். செலவையும் காலத்தையும் நான் லேசாகக் கருதவில்லை. ஆயினும், விழுந்தால் மீளாத விமானத்தில் இருபது வயதுப் பிள்ளைகளை ஏற்றி அப்பியாசம் செய்யச் சொல்லாமல் நிறுத்திவைத்தவர்கள் செய்தது தர்மமான காரியம்.

பெற்றோர்களே, உங்கள் மகனோ மகளோ விமானப் பள்ளியில் சேரப்போவதாகச் சொன்னால், கட்டணத்தையும் உத்தியோக வாய்ப்பையும் விசாரிக்கும்போது, கூடவே சிலவற்றைக் கேளுங்கள். ஸ்டால் பயிற்சியை எவ்வளவு உயரத்தில், எந்த நிலத்தின் மேல் செய்கிறீர்கள்? கற்பிக்கும் ஆசிரியர் தாமே ஸ்பின்னில் புகுந்து மீண்டவரா? ஏறுவதற்கு முன் தரையில் அமர்ந்து எவ்வளவு நேரம் விளக்குகிறீர்கள்? இறங்கிய பின் எவ்வளவு நேரம் பேசுகிறீர்கள்? நேர்பாதை ஸ்டாலோடு நிறுத்திவிடுகிறீர்களா, திருப்பத்தில் வருவதையும் காட்டுகிறீர்களா? விடை கூறத் தயங்குகிற இடத்தில் பிள்ளையைச் சேர்ப்பதற்கு அவசரம் ஒன்றுமில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவே. தனியாகப் பறக்க அனுமதி கிடைத்த புதிதில், ஆசிரியர் இல்லாத வேளையில், ஸ்டாலைத் தனியே செய்து பார்க்கலாம் என்ற ஆசை வரும். ஆசிரியர் எழுத்திலே அதற்கு அனுமதி தந்து, உயரத்தையும் இடத்தையும் குறித்துக் கொடுத்தாலன்றி அதைச் செய்யாதீர்கள். பாடம் நடக்கையில் பயமாக இருந்தால், பயமாக இருக்கிறது என்று ஆசிரியரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டுக் கோபிக்கும் ஆசிரியரை மாற்றிக்கொள்வது உங்கள் உரிமை.